வாடகை வீட்டுக்குச் சாமான்: ரொக்கமா, தவணையா? (சுங்கை சிப்புட்)

ஆலைக்குப் புதுசு
தமிழ்நாட்டிலிருந்து மலேசியாவுக்குச் செம்பனை எண்ணெய் ஆலை வேலைக்கு வந்திருக்கோம், கணவன் மனைவி ரெண்டு பேர். சுங்கை சிப்புட்ல தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு அமைஞ்சிருக்கு. வாடகை 600 வெள்ளி (ரிங்கிட்). விசிறி, விளக்கு தவிர உள்ளே ஒண்ணும் இல்லை. கையில 6,000 வெள்ளி. பிரிட்ஜ், வாஷிங் மெஷின் ரெண்டையும் 24 மாசத் தவணையில எடுங்கன்னு கடைக்காரர் சொல்றார். ரொக்கத்துக்குப் பழசு வாங்குங்கன்னு ஆலையில சொல்றாங்க. மிக்சி, கிரைண்டரை ஊர்லேருந்து கொண்டுவரலாமா? விவரம் தெரிஞ்சவங்க கணக்கோட சொல்லுங்க.

ரொக்கராசு
தம்பி, அந்த 6,000 உங்க காசு இல்ல, முதல்ல அதை மனசுல வைங்க. வீட்டுக்காரர் வழக்கமா ரெண்டு மாச வாடகை முன்பணம், தண்ணி கரண்டுக்கு அரை மாசம், முதல் மாச வாடகைன்னு வாங்குவார். 1,200, 300, 600. ஆக 2,100 போச்சு. ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி வேற இருக்கு. ஓராண்டு ஒப்பந்தம்னா ஆண்டு வாடகையில ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 1 வெள்ளி. 7,200-க்கு 29 வெள்ளி, ரெண்டாம் பிரதிக்கு 10. முன்ன முதல் 2,400-க்கு விலக்கு இருந்துச்சு, 2025-ல எடுத்துட்டாங்க. கையெழுத்துப் போட்ட 30 நாளுக்குள்ள கட்டணும். 'நமக்குள்ள எதுக்கு முத்திரை'ன்னு வீட்டுக்காரர் சொன்னா கேக்காதீங்க. நாளைக்கு முன்பணத்தைத் திருப்பித் தரலைன்னா, முத்திரை இல்லாத தாளை நீதிமன்றத்துல காட்ட முடியாது.

மிச்சம் 3,860 சொச்சம். ஒரு மாசச் சாப்பாடு, டிஎன்பி (கரண்டு கம்பெனி) முன்பணம் எல்லாம் போக 3,000 நிக்கும். அதுக்குள்ள வீட்டை நடத்துங்க. மெத்தையும் கேஸ் அடுப்பும் புதுசு. பிரிட்ஜும் துணி துவைக்கிற மெஷினும் பழசு, ரொக்கம். கட்டில், அலமாரி, சோபா எல்லாம் மூணு மாசம் கழிச்சு.

தாமான் கணக்கன்
ராசு அண்ணன் கணக்கு சரி, முடிவு தப்பு. 3,000-த்தையும் சாமானில் போட்டுவிட்டு வெறுங்கையோடு நிற்கச் சொல்கிறார். வெளிநாட்டவருக்கு அரசு மருத்துவமனையில் நம்மைப் போல 1 வெள்ளிச் சீட்டு கிடையாது. முழுக் கட்டணம்; படுக்கையில் சேர்த்தால் முன்பணம். வேலை பெர்மிட் புதுப்பிப்பு தாமதமானால் சம்பளமும் வங்கிக் கணக்கும் சேர்ந்து இழுக்கும். அந்த நேரத்தில் பிரிட்ஜை விற்றுக் காசாக்க முடியுமா? கையில் 2,000 குறையாமல் இருக்கட்டும். பெரிய சாமான் இரண்டும் தவணையில் வரட்டும், மாதம் 120 ஒரு குடும்பத்துக்குப் பாரம் இல்லை.

ரொக்கராசு
120 எங்கேருந்து வருதுன்னு பிரிச்சுக் காட்டுவோம். சாமான் 2,400, நிலை வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம், 24 மாசம். வட்டி 480, மொத்தம் 2,880, மாசம் 120. கடைக்காரர் வாயில '10 சதவீதம்தான்'னு வரும். ஆனா மாசாமாசம் அசலைக் கட்டிக் குறைச்சுட்டு வரோம். வட்டி மட்டும் கடைசி மாசம் வரைக்கும் முழு 2,400-க்கும் ஓடுது. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டா உண்மை வட்டி 18 சதவீதத்தைத் தொடும். ஈடில்லாத கடனுக்கு உரிமம் பெற்ற வட்டிக்கடை வாங்கக்கூடிய உச்ச வரம்பே ஆண்டுக்கு 18தான்.

இன்னொண்ணு, அதைக் கணக்கன் சொல்லவே இல்ல. வெளிநாட்டவருக்குத் தவணைன்னா பல கடைகள்ல உள்ளூர் ஜாமீன் கேப்பாங்க. யார் போடுவா? ஆலையில பக்கத்துல நிக்கிறவர்தான். பெர்மிட் முடிஞ்சு ஊருக்குப் போயிட்டா மிச்சத் தவணை அவர் தலையில.

தாமான் கணக்கன்
ஜாமீன் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். அடுத்தவரை மாட்டிவிட்டு வாங்கக் கூடாது, ஜாமீன் கேட்காத கடை இருந்தால் மட்டுமே என் யோசனை. ஆனால் சட்டத்தில் வாடிக்கையாளருக்கு ஒன்றுமே இல்லை என்பது போல் பேச வேண்டாம். 1967 வாடகைக் கொள்முதல் சட்டத்தின் கீழ் வரும் ஒப்பந்தம் என்றால் ஒரு மாதம் தவறியதும் வந்து தூக்கிப் போக முடியாது. தொடர்ந்து இரண்டு மாதம் தவறி, எழுத்தில் அறிவிப்பு கொடுத்த பிறகுதான். ரொக்க விலையில் 75 சதவீதத்துக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு வேண்டும். கையெழுத்துக்கு முன் ரொக்க விலை, முன்பணம், வட்டி, மொத்தத் தொகை நான்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'மாதம் 120' என்று மட்டும் எழுதிய அட்டையில் கையெழுத்து வேண்டாம்.

கித்தா மரம்
எதுக்கு இவ்ளோ சண்டை. தோட்டத்துல பத்து பேர் சேர்ந்து கூட்டு (சீட்டு) புடிக்கிறாங்க, மாசம் 200. முதல் சீட்டை எடுத்தா 2,000 முழுசா கையில. வட்டியும் இல்ல, ஜாமீனும் இல்ல.

தாமான் கணக்கன்
கூட்டு நடத்துவது 1971 முதல் சட்டப்படி தடை. தலைவர் காசோடு காணாமல் போனால் போலீசில் என்ன சொல்லிப் புகார் கொடுப்பீர்கள்? பெர்மிட்டில் இருப்பவர் இதில் பெயரே கொடுக்கக் கூடாது.

கித்தா மரம்
தோட்டம் இருக்கிற வரைக்கும் கூட்டும் இருக்கும்லா. ஆனா புதுசா வந்தவங்களுக்கு ஆள் தெரியாது, அது வாஸ்தவம்.

மூணு பின்னு
மிக்சி கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. ரெண்டு நாட்டுலயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்ட்டை மாத்துற கருவி எதுவும் வேணாம், பிளக்தான் வேற. அடாப்டர்ல உருண்டை பின்னைச் செருகி 750 வாட் மிக்சி ஓட்டாதீங்க. பின் உள்ளே லூசா நிக்கும், பொறி பறக்கும், அடாப்டர் உருகும். பழைய பிளக்கை வெட்டிட்டு சிரிம் முத்திரை (மலேசியத் தர முத்திரை) உள்ள 13 ஆம்பியர் பிளக் மாட்டுங்க. மூடியைத் திறந்து நிலப் பின் (எர்த்) மேலே இருக்கிற மாதிரி புடிச்சா, வலப்பக்கம் பியூஸ் இருக்கிற முனை. பழுப்பு அல்லது சிவப்பு ஒயர் அங்கே. நீலம் அல்லது கறுப்பு இடப்பக்கம். பச்சை மேலே, அதைக் கொஞ்சம் நீளமா விடுங்க. ஒயரை யாராச்சும் இழுத்தா அது கடைசியாத்தான் கழலணும். ஒயரோட மேல்தோல் பிளக்குக்குள்ள இருக்கிற பிடிக்கு அடியில போகணும். வெறும் உள் ஒயரைப் பிடி கவ்விட்டு இருந்தா ஒரு மாசத்துல அறுந்துடும். மிக்சிக்கு 5 ஆம்பியர் பியூஸ் போதும்.

மிக்சி கொண்டுவரலாம், ஜார் கப்ளர் ரெண்டு உபரியா எடுத்துக்குங்க. குக்கர் காஸ்கெட், சேப்டி வால்வும் அப்படியே. கல் கிரைண்டர் வேணாம். அது ஒண்ணே விமானப் பெட்டி எடையில பாதியைத் தின்னுடும், உருளை உடைஞ்சா இங்கே ஆள் தேடணும். பக்கத்துப் பெரிய ஊர் ஈப்போவோட லிட்டில் இந்தியாவுல கிடைக்குது. ஊர்லேருந்து இணையத்துல வரவழைச்சா 500 வெள்ளிக்குக் கீழே உள்ள பொருளுக்கும் 10 சதவீத விற்பனை வரி உண்டு, 2024-லேருந்து. கேஸ் ரெகுலேட்டர், குழாய் ரெண்டும் இங்கேயே சிரிம் முத்திரை பார்த்து வாங்குங்க.

பசார் அக்கா
பழைய பிரிட்ஜ் வாங்கப் போறவங்க சும்மா கதவைத் திறந்து விளக்கு எரியுதான்னு பார்த்துட்டு வராதீங்க. கதவு ரப்பர்ல ஒரு தாளை வச்சு மூடி இழுங்க. வழுக்கிக்கிட்டு வந்தா குளிர் கசியுது. நாலு பக்கமும் பண்ணணும், கீழ் மூலையிலதான் அனேகமா போயிருக்கும். பின்னாடி செம்புக் குழாய் இணைப்புல எண்ணெய்ப் பசை இருந்தா கேஸ் ஒழுகுதுன்னு அர்த்தம். கடையில நாம போறப்ப ஏற்கெனவே ஓடிட்டு இருந்தா நிறுத்தச் சொல்லி, அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போடச் சொல்லுங்க. கம்ப்ரசர் முக்கிக்கிட்டே நின்னு போனா வேணாம். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் உடனே போடக் கூடாது, நாலு மணி நேரம் நிக்கட்டும். லாரில படுக்க வச்சுக் கொண்டுவந்தா ஒரு நாள்.

மெத்தை மட்டும் பழசு வேணவே வேணாம். தையல் ஓரத்துல மூட்டைப்பூச்சி முட்டை இருந்தா வீடு முழுக்கப் பரவிடும், மருந்தடிக்கிற செலவுல ரெண்டு மெத்தை வாங்கலாம்.

தாமான் கணக்கன்
பழைய பிரிட்ஜ் கரண்டைக் குடிக்குமே அக்கா. மிச்சம் பிடித்தது பில்லில் போய்விடும்.

ரொக்கராசு
போகாது. பழசு மாசம் 55 யூனிட், புது இன்வெர்ட்டர் 25 யூனிட்னு வச்சுக்குவோம். வித்தியாசம் 30. ரெண்டு பேர் வீடு 200 யூனிட்டுக்குள்ள நின்னா, சலுகை போக யூனிட் ஏறத்தாழ 20 சென். மாசம் 6 வெள்ளி. வட்டி மட்டும் மாசம் 20 கட்டச் சொல்றீங்க.

தாமான் கணக்கன்
ஏர்கோன் போட்டால் 200-க்குள் நிற்காது. யூனிட் கூடக்கூடச் சலுகை குறையும், 600-ஐத் தாண்டினால் மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணமும் சேரும். ஆனால் ஏர்கோன் இல்லாத வீட்டுக்கு உங்கள் கணக்கு நிற்கிறது. பிரிட்ஜை விட்டுவிடுகிறேன். வாஷிங் மெஷின் புதிதுதான்.

மூணு பின்னு
மெஷின் புதுசோ பழசோ, முதல்ல தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாருங்க. முழு ஆட்டோமேட்டிக்குக்குக் குறைஞ்சது 0.05 மெகாபாஸ்கல் அழுத்தம் கேக்கிற மாடல் நிறைய. கூரைத் தொட்டிக்கும் குழாய்க்கும் உயர வித்தியாசம் ரெண்டு மூணு மீட்டர்னா 0.02, 0.03தான் கிடைக்கும். தண்ணி நிரம்ப அரை மணி ஆகும், மெஷின் பிழைக் குறி காட்டி நின்னுடும். கடைக்காரர் 'மெஷின் நல்லாத்தான் இருக்கு'ம்பார், அவர் சொல்றது உண்மையும்கூட. தாமான் வீட்டுல அடுப்படிக் குழாய் பெரும்பாலும் தெருக் குழாயிலேருந்து நேரா வரும். தொட்டி வால்வை மூடிட்டு ஒவ்வொரு குழாயாத் திறந்து பாருங்க, எது ஓடிக்கிட்டே இருக்கோ அதுல மெஷின் வைங்க. அப்படி இடம் இல்லைன்னா, துவைக்க ஒண்ணு பிழிய ஒண்ணுன்னு இருக்கிற ரெட்டைத் தொட்டி மெஷின் வாங்குங்க. வாளியில ஊத்தினாலும் ஓடும், பழுது பார்க்கிறதும் சுலபம்.

ரொக்கராசு
ரெட்டைத் தொட்டின்னா தவணைக்கே வேலை இல்ல, ரொக்கத்துலயே புதுசு வாங்கிடலாம்.

ஆலைக்குப் புதுசு
ரொம்ப நன்றி. மளிகைக்கு மாசம் ஒரு தடவை ஈப்போ போகலாமா? இங்கேயே கடையில கணக்கு வச்சுக்கச் சொல்றாங்க. ஊருக்கும் மாசம் காசு அனுப்பணும்.

பசார் அக்கா
555 புத்தகத்துல (கடன் எழுதுற சின்ன நோட்டு) எழுதி வாங்குற வழக்கத்துக்குப் போகாதீங்க தங்கச்சி. கடைக்காரர் ஏமாத்துறார்னு சொல்லல. பாக்கி இருக்கிறப்ப விலை அதிகம்னு வாய் திறந்து கேக்க முடியாது, வேற கடைக்கும் போக முடியாது. சீனி கிலோ 2.85, கட்டுப்பாட்டு விலை, எங்கே வாங்கினாலும் ஒண்ணுதான். கேஸ் 14 கிலோத் தோம்பு (சிலிண்டர்) 26.60, கொண்டுவந்து கொடுக்கிற கூலி தனி. கூலி எவ்வளவுன்னு போன்லயே கேட்டுக்குங்க. காய்கறி, மீன் பசார்ல. உளுந்து, பொன்னி அரிசி, புளி, மிளகாய் மட்டும் ஈப்போவுல ரெண்டு மாசத்துக்கு. மொத்தமா வாங்குறேன்னு மாவு, ரவை, பருப்பை அள்ளாதீங்க. இந்த ஈரத்துக்கு மூணாவது வாரமே வண்டு வரும். மிளகாய்த்தூளை பிரிட்ஜ்ல வைங்க.

போக வர அறுபது கிலோமீட்டர். மோட்டார் சைக்கிள்னா ஒண்ணேகால் லிட்டர், கார்னா அஞ்சு லிட்டர். ரோன் 95 பெட்ரோல் லிட்டர் 1.99 சலுகை விலை குடிமக்களுக்கு மட்டும், 2025 செப்டம்பர்லேருந்து. உங்களுக்குச் சந்தை விலைதான். யாராச்சும் போறப்ப கூடப் போங்க.

தாமான் கணக்கன்
பணம் அனுப்புவது பற்றி: 'கட்டணமே இல்லை' என்ற பலகையைப் பார்க்க வேண்டாம். 1,000 வெள்ளி கொடுத்தால் ஊரில் எத்தனை ரூபாய் விழும் என்று மட்டும் கேளுங்கள். ஒரு கடையில் கட்டணம் இல்லை, விகிதம் 20 என்று வைப்போம்; 20,000 ரூபாய். இன்னொன்றில் கட்டணம் 10 வெள்ளி, விகிதம் 20.30, 990 வெள்ளிக்கு 20,097. கட்டணம் வாங்கும் கடையில்தான் லாபம். மாதம் இரண்டு தடவை 500 அனுப்பினால் கட்டணம் இரட்டிப்பாகி இந்தக் கணக்கு தலைகீழாகும். உண்டியலில் (உரிமம் இல்லாத ஆள் மூலம்) அனுப்ப வேண்டாம். பேங்க் நெகாரா (மலேசிய மத்திய வங்கி) உரிமம் கடைச் சுவரில் மாட்டியிருக்கும், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆலைக்குப் புதுசு
அப்போ பிரிட்ஜ் பழசு, ரெட்டைத் தொட்டி புதுசு, ரெண்டும் ரொக்கம். பழைய சாமான் கடையில ரசீது தரமாட்டேன்னா?

தாமான் கணக்கன்
ரசீது இல்லாமல் வாங்கக் கூடாது. பொருளின் பெயர், மாடல் எண், விலை, எத்தனை மாத உத்தரவாதம், கடை முத்திரை. இது இருந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் போடலாம், வக்கீல் வேண்டாம். உத்தரவாதம் கம்ப்ரசருக்கா முழுப் பொருளுக்கா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். சாவி வாங்கும் அன்றே டிஎன்பி மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் பழைய குடித்தனக்காரரின் பாக்கி உங்கள் அரை மாத முன்பணத்தில் கழியும்.

ரொக்கராசு
தவணைக் கடைக்காரர்கிட்டயும் ஒரு தடவை போங்க. ரொக்கத்துக்கு என்ன விலைன்னு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க. அந்தத் தாளை எடுத்துக்கிட்டு அடுத்த கடைக்குப் போனா ரெட்டைத் தொட்டியில அம்பது வெள்ளியாவது குறையும்.