மாடிப்படி ஏறும்போது உடலுக்குள் நடப்பவை: குடும்பக் குழுவில் ஓர் உரையாடல்

யாழினி: அனைவருக்கும் வணக்கம். அடுத்த வாரம் வகுப்பில் மனித உடலின் உறுப்பு மண்டலங்களைப் பற்றி நான் பேச வேண்டும். பாடநூலில் செரிமானம், சுவாசம், இரத்த ஓட்டம், கழிவு நீக்கம், நரம்பு என ஒவ்வொன்றும் தனிப் பாடமாக இருக்கிறது. தனித்தனியாகக் கேட்டால் என்னால் சொல்ல முடிகிறது. ஆனால் இவை அனைத்தும் சேர்ந்து எப்படி ஓர் உடலாக இயங்குகின்றன என்று கேட்டால் பதில் வரவில்லை. அத்தை, நீங்கள் பல ஆண்டுகள் உடலியங்கியல் கற்பித்தவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

அத்தை: யாழினி, நீ கேட்டிருப்பதுதான் இந்தப் பாடத்தின் மையமான கேள்வி. மண்டலங்களைப் பிரித்து வைத்திருப்பது படிப்பவரின் வசதிக்காகத்தான். எந்த உறுப்பும் அந்த எல்லைகளுக்குள் நின்று வேலை செய்வதில்லை. ஆகவே பட்டியலை விட்டுவிட்டு ஒரு செயலை மட்டும் எடுத்துக்கொள்வோம். உட்கார்ந்திருக்கும் ஒருவர் எழுந்து மூன்று மாடி ஏறுகிறார் என்று வைத்துக்கொள். அந்தச் சில நிமிடங்களுக்குள் நீ படித்த மண்டலங்களில் பெரும்பாலானவை வந்துவிடும்.

முகிலன்: எழுந்து நிற்பதில் என்ன இருக்கிறது அத்தை? அது கால் தசைகளின் வேலை மட்டும்தானே?

அத்தை: இல்லை முகிலா. எழுந்த மாத்திரத்தில் புவியீர்ப்பின் காரணமாக அரை லிட்டருக்கும் மேலான இரத்தம் கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்கிவிடுகிறது. இதயத்திற்குத் திரும்பும் இரத்தம் குறைவதால் அது வெளியே தள்ளும் அளவும் குறைகிறது. அதை அப்படியே விட்டால் மூளைக்குப் போதிய இரத்தம் கிடைக்காமல் தலை சுற்றும். கழுத்துத் தமனிகளின் சுவரிலும், இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. தமனிச் சுவர் சற்றே தளர்ந்தாலும் அந்தச் செய்தி மூளையின் அடியிலுள்ள முகுளத்தை அடைகிறது. ஓரிரு துடிப்புகளுக்குள் இதயம் வேகம் பெறுகிறது; இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தத்தை மீட்கின்றன. நரம்பும் இதயமும் குழாய்களும் சேர்ந்து செய்யும் இந்த வேலையை, அது தவறும் நாள் வரை நாம் அறிவதே இல்லை.

தாத்தா: எனக்கு இரத்த அழுத்த மாத்திரை எழுதித் தந்த மருத்துவர், படுக்கையிலிருந்து உடனே எழாமல் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு எழும்படி சொன்னார். அதற்குக் காரணம் இதுதானா அம்மா?

அத்தை: ஆம் அப்பா, இதுவேதான். வயது ஏறும்போது அந்த உணர் முனைகளின் எதிர்வினை மந்தமாகிறது. இரத்த அழுத்தத்திற்கான சில மாத்திரைகளும் குழாய்கள் விரைந்து சுருங்குவதைத் தடுக்கின்றன. நீங்கள் உட்காரும் அந்தச் சிறிது நேரம் உடல் தன்னைச் சரிசெய்துகொள்ள உதவுகிறது. தயவுசெய்து அதை ஒருநாளும் தவிர்க்க வேண்டாம்.

அத்தை: இனிப் படியேறத் தொடங்குவோம். முதல் படியில் கால் வைக்கும்போதே, தசைகளுக்குக் கட்டளை அனுப்பும் மூளை, இதயத்தையும் சுவாசத்தையும் கட்டுப்படுத்தும் மையங்களுக்கும் செய்தி அனுப்பிவிடுகிறது. ஆக்சிஜன் குறையும் வரை அவை காத்திருப்பதில்லை. ஓய்வில் இருக்கும்போது இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை இறைக்கிறது. உடலில் இருக்கும் மொத்த இரத்தமும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதால், சராசரியாக ஒரு நிமிடத்தில் ஒரு முழுச் சுற்று முடிந்துவிடுகிறது. கடுமையாக உழைக்கும்போது ஆரோக்கியமான ஒருவரின் இதயம் 20 லிட்டர் வரை இறைக்கும்.

அத்தை: அதைவிட முக்கியமானது அந்த இரத்தம் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பது. ஓய்வில் எலும்புத் தசைகளுக்கு ஐந்தில் ஒரு பங்கு இரத்தம் போகிறது; கடும் உழைப்பின்போது அது ஐந்தில் நான்கு பங்காக உயர்கிறது. குடலுக்கும் சிறுநீரகங்களுக்கும் போகும் இரத்தம் அந்த நேரத்தில் குறைக்கப்படுகிறது. மூளைக்குச் செல்லும் அளவு மட்டும் பெரிதாக மாறுவதில்லை. உழைக்கும் தசை தானே வெளியிடும் கழிவுப்பொருள்கள் அங்குள்ள நுண்தமனிகளை விரிக்கின்றன. உடலை உழைப்புக்குத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்புகள் மற்ற இடங்களில் உள்ளவற்றைச் சுருக்குகின்றன.

பெரியப்பா: இரத்தம் சுற்றி வருகிறது என்பதை முதலில் நிறுவியவர் வில்லியம் ஹார்வி என்று படித்திருக்கிறேன். குழாய்க்குள் ஓடுவதைக் கண்ணால் பார்க்காமல் அவர் அதை எப்படி நிறுவினார்?

அத்தை: அண்ணா, அவர் கணக்குப் போட்டார். ஒரு துடிப்பில் வெளியேறும் இரத்தத்தைக் குறைத்தே மதிப்பிட்டு, அதை அரை மணி நேரத் துடிப்புகளால் பெருக்கினால் உடலில் இருக்கக்கூடிய மொத்த இரத்தத்தையும் அது மிஞ்சிவிடுகிறது. உண்ணும் உணவிலிருந்து அவ்வளவு இரத்தம் ஓயாமல் உருவாக வழியில்லை. ஆகவே அதே இரத்தம்தான் திரும்பத் திரும்ப வரவேண்டும் என்று 1628இல் அவர் எழுதினார். தமனியிலிருந்து சிரைக்கு அது எந்த வழியாகக் கடக்கிறது என்பது மட்டும் அவருக்குப் புலப்படவில்லை. அவர் 1657இல் இறந்தார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1661இல், மார்செல்லோ மால்பிகி தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கி வழியாக, தமனியையும் சிரையையும் இணைக்கும் மிக நுண்ணிய குழாய்களான தந்துகிகளைக் கண்டார். தம் வாதத்தில் எஞ்சியிருந்த இடைவெளி நிரம்பியதை ஹார்வி காணாமல் போனது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது.

முகிலன்: படியேறினால் மூச்சு வாங்குகிறதே, அது ஆக்சிஜன் குறைவதாலா?

அத்தை: பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் சாதாரண நிலையில் நம் சுவாசத்தை முதன்மையாக ஆள்வது கார்பன் டை ஆக்சைடு. இரத்தத்தில் அது சற்றுக் கூடினாலும் முகுளத்தின் அருகிலுள்ள உணரிகள் அதைக் கண்டுகொண்டு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள சுவாசத் தசையான உதரவிதானத்தை விரைவுபடுத்துகின்றன. மூச்சை அடக்கும்போது தாங்க முடியாத தவிப்பைத் தருவதும் அதுவே. முகிலா, இதை நீ மறக்கவே கூடாது: நீரில் மூழ்குவதற்கு முன் வேண்டுமென்றே வேகமாகப் பலமுறை மூச்சு விட்டால் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடும், தவிப்பு தோன்றுவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நீருக்கடியில் நினைவு தவறிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படி உயிரிழந்திருக்கிறார்கள்.

முகிலன்: இனி நான் அப்படிச் செய்ய மாட்டேன் அத்தை. நண்பர்களிடமும் சொல்கிறேன்.

யாழினி: நுரையீரலில் இரத்தம் ஆக்சிஜனை ஏற்றுக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்?

அத்தை: இரு நுரையீரல்களிலும் சேர்த்து 30 கோடிக்கும் மேற்பட்ட நுண்காற்றறைகள் உள்ளன, அவற்றை விரித்துப் பரப்பினால் சுமார் 70 சதுர மீட்டர் வரும். காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையே உள்ள தடுப்பு ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. ஓய்வில் ஒரு சிவப்பணு நுண்காற்றறையைச் சுற்றியுள்ள தந்துகியைக் கடக்க முக்கால் நொடி எடுத்துக்கொள்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு நேரத்திலேயே ஆக்சிஜன் ஏறிவிடுகிறது. மீதி நேரம் வீண் அல்ல. படியேறும்போது இரத்தம் விரைந்து ஓடினாலும் ஆக்சிஜன் குறையாமல் ஏறுவதற்குக் காரணம் அந்த மிச்ச நேரம்தான். தசையை அடைந்ததும், அங்கே வெப்பமும் அமிலத்தன்மையும் கூடியிருப்பதால் சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஈமோகுளோபின் தன் பிடியைத் தளர்த்தி ஆக்சிஜனை எளிதாக விட்டுக்கொடுக்கிறது. எந்தத் தசை அதிகம் உழைக்கிறதோ அதற்கே அதிகம் கிடைக்கிறது.

யாழினி: தசைக்கு வேண்டிய குளுகோஸ் அந்த நேரத்தில் உண்ட உணவிலிருந்து வருகிறதா?

அத்தை: அவசியமில்லை. தசை முதலில் தன்னிடமுள்ள கிளைகோஜனை, அதாவது சேமித்து வைத்த குளுகோஸை, பயன்படுத்துகிறது. உழைப்பு நீளும்போது கல்லீரல் தன் சேமிப்பைப் பிரித்து இரத்தத்தில் விடுகிறது. கணையத்திலிருந்து வரும் குளுகோகானும், அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் அட்ரீனலினும் அதைத் தூண்டுகின்றன. கல்லீரல் இருக்கும் இடத்தையும் கவனி. குடலில் உறிஞ்சப்படும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் நேராக இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலைக் கடந்தாக வேண்டும். கொழுப்பு மட்டும் பெரும்பாலும் நிணநீர்க் குழாய்களில் ஏறி, இடது கழுத்தடியில் சிரையோடு சேர்கிறது.

பெரியப்பா: நெஞ்சுவலிக்குத் தரும் நைட்ரோகிளிசரின் மாத்திரையை விழுங்காமல் நாக்கின் அடியில் வைக்கச் சொல்வதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

அத்தை: நேரடியான தொடர்பு உண்டு அண்ணா. விழுங்கினால் அந்த மருந்தின் பெரும்பகுதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே சிதைத்துவிடும். நாக்கின் அடியிலுள்ள சிரைகள் கல்லீரலைத் தொடாமல் இதயத்தை அடைவதால், அது சில நிமிடங்களில் வேலை செய்கிறது.

யாழினி: கழிவு நீக்கத்தை இதில் எங்கே சேர்ப்பது அத்தை? படியேறுவதோடு சிறுநீரகத்துக்குத் தொடர்பு இல்லையே?

அத்தை: பலரும் இதயத்தைப் பெரிதாகப் பேசுகிறார்கள், நான் சிறுநீரகத்தைத்தான் அதிகம் வியந்திருக்கிறேன். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 கிராம் எடையுள்ள இரண்டு சிறிய உறுப்புகள், ஓய்வில் இதயம் இறைக்கும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் வாங்கிக்கொள்கின்றன. ஒரு நாளில் அவை வடிகட்டும் திரவம் சுமார் 180 லிட்டர். உடலில் இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா 3 லிட்டர் அளவில்தான் இருக்கிறது. ஆகவே அது முழுவதும் நாளொன்றுக்கு 60 முறை வடிகட்டப்படுகிறது என்று பொருள். அதில் 99 விழுக்காட்டுக்கும் மேல் மீண்டும் உறிஞ்சப்பட்டு, ஒன்று அல்லது இரண்டு லிட்டர் மட்டுமே சிறுநீராக வெளியேறுகிறது. பழைய பொருள்களை முழுவதும் வெளியே எடுத்துப் போட்டு, வேண்டியவற்றை மட்டும் மீண்டும் உள்ளே அடுக்கும் வீட்டுக்காரரைப் போலச் சிறுநீரகம் நடந்துகொள்கிறது. இன்னதென்று அறியாத புதிய கழிவு ஒன்று இரத்தத்தில் சேர்ந்தாலும், அது வடிந்துவிட்டு மீண்டும் உறிஞ்சப்படாமல் போனால் போதும், தானாக வெளியேறிவிடும்.

அத்தை: படியேறியவர் வியர்க்கிறார். வியர்வை ஆவியாகி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. அதோடு நீரும் உப்பும் போகின்றன. இரத்தம் ஒரு விழுக்காடு அடர்த்தியானாலும் மூளையின் ஒரு பகுதியான ஹைப்போதலாமஸ் அதை உணர்ந்து, அதன் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பி வழியாக நீர் இழப்பைக் குறைக்கும் ஹார்மோனை வெளியிடச் செய்கிறது. சிறுநீரகம் நீரை மிச்சப்படுத்துகிறது. நமக்குத் தாகமும் எடுக்கிறது. படியேறுவதோடு சிறுநீரகத்துக்கு உள்ள தொடர்பு இதுதான்.

தாத்தா: என் நண்பர் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்கிறார்கள். கழிவை இயந்திரம் எடுத்துவிடுகிறது. ஆனாலும் அவருக்கு இரத்தசோகை இருக்கிறது, எலும்பும் பலவீனமாக இருக்கிறது என்கிறார்கள். சிறுநீரகத்துக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்று அவர் என்னிடம் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அத்தை: அப்பா, யாழினியின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேறில்லை. சிவப்பணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன. ஒவ்வொன்றும் சுமார் 120 நாள்கள் மட்டுமே வாழ்வதால், நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் புதிய அணுக்கள் பிறந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்டின் என்னும் ஹார்மோனைப் பெரும்பாலும் சிறுநீரகமே தருகிறது; ஆக்சிஜன் குறைவதையும் அதுவே உணர்கிறது. வைட்டமின் டி முதலில் தோலில் உருவாகி, கல்லீரலில் ஒரு மாற்றம் பெற்று, சிறுநீரகத்தில்தான் செயல்படும் வடிவத்தை அடைகிறது. அந்த வடிவம் இல்லையென்றால் குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சாது, உடல் எலும்பிலிருந்து அதை எடுக்கத் தொடங்கும். உப்பையும் நீரையும் இரத்த அழுத்தத்தை உயர்த்தத் தூண்டும் ரெனின் என்ற பொருளையும் சிறுநீரகம் கையாள்வதால், அது கெடும்போது இரத்த அழுத்தமும் ஏறி இதயத்தைச் சுமைப்படுத்துகிறது. இயந்திரம் கழிவையும் மிகையான நீரையும் எடுக்கும். ஹார்மோன்களை அதனால் உண்டாக்க முடியாது. உங்கள் நண்பருக்கு எரித்ரோபொய்டின் ஊசி பற்றி மருத்துவர்கள் பேசியிருக்கக்கூடும். அவர் அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

தாத்தா: இன்று மாலையே அவரிடம் சொல்கிறேன். காரணம் தெரிந்தால் அவருக்குச் சற்று ஆறுதலாக இருக்கும்.

யாழினி: தோல், கல்லீரல், சிறுநீரகம், குடல், எலும்பு என ஐந்தும் ஒரே வைட்டமினின் வழியில் நிற்கின்றன. என் பேச்சைப் படியேறுபவரில் தொடங்கி இந்த இடத்துக்குக் கொண்டுவருகிறேன். இன்னும் ஒரே ஒரு கேள்வி அத்தை. மாற்று இதயம் பொருத்தும்போது நரம்புகள் அறுபடுமே. அப்படியானால் அவர் படியேறும்போது இதயம் வேகமெடுக்க வேண்டும் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

அத்தை: இதயத்தின் துடிப்பு அதன் வலது மேலறையிலுள்ள கணுவிலிருந்தே பிறக்கிறது, துடிப்பதற்கு நரம்பு தேவையில்லை, வேகத்தை மாற்றவே அது வேண்டும். ஓய்வில், மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு துடிப்பை அடக்கி வைக்கிறது. மாற்று இதயத்தில் அந்தத் தடை இல்லாததால், அது ஓய்விலேயே நிமிடத்திற்கு 90 அல்லது 100 முறை துடிக்கும். படியேறும்போது நரம்பின் செய்தி எட்டாது; அட்ரீனல் சுரப்பி இரத்தத்தில் விடும் அட்ரீனலின் வந்து சேர்ந்த பிறகே அது வேகமெடுக்கிறது. அதற்குச் சில நிமிடங்கள் ஆகும் என்பதால்தான் அத்தகையவர்கள் மெதுவாகத் தொடங்கி, உடலைப் பழக்கிக்கொண்டு ஏற வேண்டும் என்றும், நின்ற பிறகும் துடிப்பு தணியச் சற்று நேரம் விட வேண்டும் என்றும் அறிவுறுத்தப்படுகிறார்கள்.