பேண்ட் போட்ட கேரட்

குழு: கேத்தி வீடு 🌿

சுமதி, 9:12
📷 கவின் போட்ட கேரட். விதைத்து 104 நாள் ஆயிற்று. மொத்தம் 23 கிடைத்தது. அதில் 9 பேண்ட் போட்டிருக்கிறது!

ரமேஷ், 9:15
அக்கா, சீக்கிரம் சமைத்துவிடு. இருக்கிற காலுக்கு ஓடிவிடப் போகிறது 😂

சுமதி, 9:16
சிரிக்காதே, அவன் முகம் தொங்கிக் கிடக்கிறது. அப்பா, ஏன் இப்படி ஆச்சு என்று உங்களிடம் கேட்கச் சொல்கிறான்.

அப்பா, 9:31
மேட்டுப்பாளையம் மண்டியில் இருக்கிறேன். நம் பூண்டு இன்னும் ஏலத்துக்கு வரவில்லை. கேரட் இறங்கும்போது நுனியில் கல் தட்டினால் கிளை விட்டுவிடும். மக்காத சாணம் இருந்தாலும் அப்படித்தான். பாத்தியில் கல் பொறுக்கச் சொன்னேன், வேலியோரம் பாக்கி இருக்கும்போதே பந்து விளையாடப் போய்விட்டான். எந்தப் பக்கம் வந்தது என்று கேள்.

சுமதி, 9:38
ஒன்பதும் வேலியோரம்தானாம். இப்போது யாரும் சொல்லாமலே உட்கார்ந்து கல் பொறுக்குகிறான்.

ரமேஷ், 9:40
அதெல்லாம் சரி. இந்த மூன்று மாதம் அபாகஸ் வகுப்புக்கு அனுப்பியிருந்தால் ஒரு லெவல் முடித்திருப்பான்.

வசந்தா அத்தை, 9:44
ஏன்டா, 23-ல் 9 போக மீதி எத்தனை என்று அவனுக்குத் தெரியாதா? முளைக்கும் முளைக்கும் என்று பத்துப் பதினைந்து நாள் காத்திருக்கிற பொறுமையை உன் அபாகஸ் கொடுக்குமா?

சுமதி, 9:46
பொறுமையா அத்தை? வளர்ந்துவிட்டதா பார்க்கிறேன் என்று நான்கைப் பிடுங்கித் திரும்பவும் நட்டான். நான்கும் போயே போச்சு.

வசந்தா அத்தை, 9:47
🤣 கேரட்டைப் பிடுங்கி நட்டால் தேறாது. முட்டைக்கோஸ் நாற்றில் செய்து பார்க்கச் சொல், அது பிழைக்கும்.

சுமதி, 10:05
அப்பா, இன்னொரு கேள்வி. நம் ஹைட்ராஞ்சியாப் பூ எல்லாம் நீலமாக இருக்கும்போது சுவரோரச் செடி மட்டும் ஏன் ரோஸ் என்கிறான். போய்ப் பார்த்தேன், நிஜம்தான். எல்லாமே ஒரே செடியில் வெட்டி நட்ட போத்துதானே?

அப்பா, 10:12
ஒரே செடிதான். தினமும் அந்த வழியாகத்தான் வெந்நீர் எடுத்துப் போகிறேன், கண்ணில் படவே இல்லையே!

வசந்தா அத்தை, 10:16
நம் மலை மண் புளித்த மண். அதில் இருக்கிற அலுமினியத்தை வேர் உறிஞ்சினால் பூ நீலமாகும். சுண்ணாம்பு சேர்ந்தால் புளிப்பு குறையும், அலுமினியம் வேருக்குக் கிடைக்காது, பூ ரோஸாகிவிடும். அண்ணா, அந்தச் சுவருக்குத்தானே பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளை அடிக்கிறீர்கள்?

அப்பா, 10:20
ஆமாம். வாளி கழுவின தண்ணீரையும் அங்கேதான் ஊற்றுவேன். முட்டைக்கோஸ் வேர் வீங்காமல் இருக்க வருஷா வருஷம் மண்ணுக்குச் சுண்ணாம்பு போடுகிறவன் நான். பூவை யோசிக்கவில்லை பார்.

சுமதி, 10:22
🎤 0:14 (கவின்)

ரமேஷ், 10:23
பஸ்ஸில் இருக்கிறேன், ஒன்றும் கேட்கவில்லை. என்னவாம்?

சுமதி, 10:24
எல்லாச் செடிக்கும் சுண்ணாம்பு போடப் போகிறானாம்.

வசந்தா அத்தை, 10:26
ஐயோ, வேண்டாம்! ஒரு செடிக்கு மட்டும் போட்டு, பக்கத்துச் செடியை அப்படியே விடச் சொல். எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டால் எதனால் மாறியது என்று எப்படித் தெரியும்? அவன் சுண்ணாம்பைத் தொட வேண்டாம், கை வெந்துவிடும். தாத்தா வந்து போடட்டும். இப்போது விரிந்திருக்கிற பூவை நம்ப வேண்டாம், அடுத்த வருஷப் பூவில் பார்க்கலாம்.

சுமதி, 10:29
"அடுத்த வருஷமா?" என்று கத்தினான். ஆனால் நோட்டில் தேதி போட்டுவிட்டான்.

ரமேஷ், 10:31
அக்கா, எனக்கும் ஒரு போத்து வேண்டும். கோயம்புத்தூரில் என்ன கலர் வரும்?

வசந்தா அத்தை, 10:32
உங்கள் பக்கம் சுண்ணாம்பு மண் அதிகம், ரோஸாக இருக்கும். அந்த வெயிலில் முதலில் பிழைக்கட்டும்.

அப்பா, 11:10
பூண்டு விற்றாகிவிட்டது, கிளம்புகிறேன். சுமதி, அந்தப் பேண்ட் போட்ட ஒன்பதையும் பொரியலுக்கு நறுக்கிவிடாதே, நான் பார்க்க வேண்டும்.

சுமதி, 11:14
ஏழுதான் இருக்கிறது அப்பா. கழுவினதுமே இரண்டைக் கடித்துத் தின்றுவிட்டான்.