குரல் தெளிவு, தொலைவு இல்லை: ஒரு வாக்கிடாக்கியைப் பழுது பார்த்த அனுபவம்

நண்பர் ஒருவர் கொண்டுவந்த 5 வாட் வாக்கிடாக்கியில் பேசுவதற்கான பிடிடி பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த அறையில் குரல் துல்லியமாகக் கேட்டது. இரண்டு தெரு தள்ளி நின்றவருக்கோ எதுவும் எட்டவில்லை. மைக் பழுது என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். குரல் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது மைக்கைக் குறைசொல்ல இடமே இல்லை.

மைக்கில் பிறக்கும் மின்னழுத்தம் பெருக்கப்பட்டு, அளவு மீறாதபடி வெட்டப்பட்டு, வானொலி அலையை உருவாக்கும் அலையியற்றியில் உள்ள வேரக்டர் டையோடை, அதாவது மின்னழுத்தத்துக்கேற்ப மின்தேக்குதிறன் மாறும் டையோடை, சென்றடைகிறது. அந்த டையோடின் மின்தேக்குதிறன் குரலுக்கேற்ப மாறுவதால் அதிர்வெண்ணும் மாறுகிறது. 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி கொண்ட சேனலில் இந்த விலகல் வழக்கமாக இருபுறமும் 5 கிலோஹெர்ட்ஸுக்குள் நிறுத்தப்படுகிறது. இதற்கிடையே அதிர்வெண்ணை நிலைநிறுத்தும் பிஎல்எல் சுற்று, அலையியற்றியை நிலையான அதிர்வெண் தரும் படிகத்தோடு ஒப்பிட்டு ஓரிடத்தில் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்படியானால் குரல் ஏற்படுத்தும் விலகலையும் அது பிழையென்று கருதித் திருத்திவிடாதா? திருத்தாமல் இருப்பதற்காகவே அதன் வேகம் குரலின் அதிர்வெண்களைவிடக் குறைவாக வைக்கப்படுகிறது. இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் இதுதான்.

பண்பலையில் செய்தி முழுவதும் அதிர்வெண் மாற்றத்திலேயே இருப்பதால், அலையின் வலு எவ்வளவு குறைந்தாலும், அருகில் இருப்பவருக்குக் குரல் கெடுவதில்லை. ஆகவே குரல் நன்றாக இருப்பது அலையியற்றி வரையிலான பகுதிக்கு மட்டுமே நற்சான்று. அதற்குப் பிந்தைய பெருக்கிகளைப் பற்றி அது எதையும் சொல்லாது.

ஆண்டெனாவைக் கழற்றி, அதற்குப் பதிலாக ஆற்றலை வாங்கிக்கொள்ளும் 50 ஓம் டம்மி லோடையும் பவர் மீட்டரையும் இணைத்துப் பார்த்தபோது, முள் அசையவே இல்லை எனலாம். பேட்டரியிலிருந்து இழுக்கப்படும் மின்னோட்டத்தையும் அளந்தேன். 7.4 வோல்ட் பேட்டரியில் 5 வாட் அனுப்பும் கருவி சுமார் ஒன்றரை ஆம்பியர் இழுக்க வேண்டும். இதுவோ அதில் சிறு பங்கைக்கூட எடுக்கவில்லை. இறுதிப் பெருக்கி உழைத்தும் அலை வெளியேறவில்லை என்றால், அதற்கு அப்பால் உள்ள, ஆண்டெனாவை அனுப்புவதற்கும் வாங்குவதற்கும் மாற்றிவிடும் பின் (PIN) டையோடு சுவிட்சையோ, தேவையற்ற மடங்கு அதிர்வெண்களைத் தடுக்கும் வடிகட்டியையோ சந்தேகிக்கலாம். இங்கே பெருக்கியே உழைக்கவில்லை. அதன் மாஸ்ஃபெட் என்னும் டிரான்சிஸ்டரின் கட்டுப்படுத்தும் முனையான கேட்டுக்கு மின்னழுத்தம் ஒழுங்காக வந்தது, மின்னோட்டம் பாய வேண்டிய டிரெயின் முனைக்கும் பேட்டரி மின்னழுத்தம் வந்தது, ஆனால் மின்னோட்டம் இல்லை. ஆண்டெனா தளர்ந்திருந்த நிலையிலேயே பல மாதங்கள் பேசியதாக நண்பர் பிறகு சொன்னார். வெளியேற முடியாமல் திரும்பும் ஆற்றல் அந்த மாஸ்ஃபெட்டைத்தான் வதைக்கும்.

அதை மாற்றியதும் மீட்டர் 5 வாட்டை ஒட்டிக் காட்டியது. வடிகட்டியையும் சோதித்துவிடலாம் என்று 145 மெகாஹெர்ட்ஸில் அனுப்பிக்கொண்டே, அதன் மூன்றாம் மடங்கான 435 மெகாஹெர்ட்ஸில், தெருமுனையில் வைத்திருந்த இன்னொரு கருவியில் கேட்டேன். அங்கே இரைச்சல் மட்டுமே இருந்தது; அந்த மடங்கு அலை கேட்கவில்லை.