பின்கட்டு கார் ஷெட்டை ஒழுங்கு பண்ணுகிறேன்; பழைய பேட்டரி, ஆயில், பெயிண்ட், டயரை எரிக்காமல், குழியில் புதைக்காமல் எப்படிக் கழிப்பது?

பள்ளத்தூர் பின்கட்டு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு என்று நீளமாகக் கிடக்கிற பழைய வீடு எங்களுடையது. ஐயா காலத்தில் பின்கட்டை ஒட்டி மாட்டுவண்டி நின்ற கொட்டகைதான் இப்போது கார் ஷெட். மேலே நாட்டு ஓடு, கீழே பாதி சிமெண்ட், பாதி மண் தரை.

அப்பச்சி (என் அப்பா) தவறி இரண்டு வருஷம் ஆகிறது. ஆத்தாவுக்குத் துணையாக இருக்கலாம் என்று சென்னையை விட்டு நான் வந்து ஏழு மாதம். அப்பச்சி எதையும் தூக்கிப் போட மாட்டார்கள். அதனால் ஷெட்டுக்குள் நுழைய வழியில்லாமல் கார் வேப்பமரத்தடியில் நிற்கிறது. போன வாரம் இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பார்த்தேன். கார் பேட்டரி இரண்டு, இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்று, ஐந்து லிட்டர் கேனில் மூன்று கேன் வேஸ்ட் ஆயில், டயர் ஒன்பது, பியூஸ் போன டியூப்லைட் பதினொன்று. தங்கச்சி கல்யாணத்துக்கு 2008-இல் வீட்டுக்கு அடித்ததில் மிஞ்சிய பெயிண்ட் டப்பா இருபதுக்கு மேல். இது போக ஆணி, போல்ட், ஒயர், கயிறு, பழைய கதவுப் பலகைகள்.

பெரியப்பா மகன், அண்ணன், வந்து பார்த்துவிட்டு, "பின்னால் குழி வெட்டிப் போட்டுக் கொளுத்து, நாலு பிளாஸ்டிக் ரேக் வாங்கிப் போடு, ஒரு நாள் வேலை" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. காரணம் இதுதான். அன்று சாயங்காலம் மழை பிடித்தது. ஒரு கேனின் அடியில் கசிவு இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. மண் தரையில் பட்ட தண்ணீர் நீலமும் ஊதாவுமாக மினுங்கிக்கொண்டு கல் வாய்க்காலில் இறங்கியது. அந்த வாய்க்கால் ஊரணிக்குப் போகிறது. ஓடிப்போய்ச் சாக்கை மடித்து அடைத்தேன். அதற்குள் எவ்வளவு போயிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது. கூரைத் தண்ணீர், முற்றத்துத் தண்ணீர் எல்லாம் ஊரணிக்குச் சேரட்டும் என்று பார்த்துப் பார்த்துக் கட்டிய ஊர் இது.

எதை எங்கே கொடுப்பது, எதில் அடுக்குவது, தரையை என்ன செய்வது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

காரைக்குடி ரிட்டயர்டு எழுதியது:

தம்பி, நான் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முதலில் பேட்டரி. எடையில் பாதிக்கு மேல் ஈயம், உள்ளே கந்தக அமிலம். தள்ளுவண்டியில் வரும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பாவம், அவர் அமிலத்தைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, கையுறைகூட இல்லாமல் தகட்டை உருவுவார். ஈயம் அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும். பேட்டரி ஆராய்ச்சி நடக்கிற ஊரில் இதைப் பார்க்க வயிறு எரிகிறது. புது பேட்டரி விற்கும் கடையில் கொடுங்கள், எடைக்குக் காசு தருவார்கள். விற்ற பேட்டரியைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு என்று 2022-இல் மத்திய அரசு விதியே போட்டிருக்கிறது.

கொண்டுபோகும்போது சாய்க்காதீர்கள். முனையில் வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் வெறுங்கையால் தொட வேண்டாம். ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் பொங்கி அடங்கும், பிறகு துடைக்கலாம்.

டியூப்லைட்டில் பாதரசம் கொஞ்சம்தான். ஆனாலும் உடைக்கக் கூடாது. அட்டையில் சுற்றி நிறுத்தி வையுங்கள். பெயிண்ட் டப்பா, டியூப்லைட், பூச்சிமருந்து டப்பா எல்லாம் வீட்டு அபாயக் கழிவு, தனியாகத்தான் வாங்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளிலேயே சொல்லிவிட்டார்கள். குப்பை வண்டியில் அப்படியே கொட்டாமல், மேற்பார்வையாளரிடம் சொல்லித் தனியாகக் கொடுங்கள்.

உங்கள் பெயிண்ட் 2008 என்பதால் இன்னொன்று. பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அந்தக் கதவுப் பலகைகளில் பழைய பூச்சு இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தத் தூசுதான் ஆபத்து.

புதுவயல் பட்டறை எழுதியது:

அண்ணே, நான் டூ வீலர் பட்டறை வைத்திருக்கிறேன். ஆயிலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நம்ம பக்கம் வேஸ்ட் ஆயிலைக் கீழே கொட்டுவதைவிட, கரையானுக்கு என்று மரத்தில் பூசுவதுதான் அதிகம். வேலிக்கால், கைமரம், கட்டில் கால் எதையும் விடமாட்டோம். நானே பலருக்கு டப்பாவில் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். இப்போது கொடுப்பதில்லை. எஞ்சினில் ஓடிய ஆயிலில் உலோகத் துகளும் கரியும் கலந்திருக்கும். வேலிக்காலில் பூசினால் மழையில் ஊறி மண்ணுக்குத்தான் இறங்கும், கிணறு பக்கத்தில் இருந்தால் அங்கேயும் போகும். யாராவது மரத்துக்குப் பூச வேண்டும் என்று கேட்டு வந்தால் உங்கள் கேனைக் கொடுத்துவிடாதீர்கள்.

மூன்று கேனையும் மூடி இறுக்கி, ஒழுகுவதை வேறு கேனுக்கு மாற்றி, ஏதாவது பெரிய சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். அவர்களிடம் டிரம் இருக்கும். மாசுக்கட்டுப்பாட்டு வாரிய அனுமதி உள்ளவர்கள் வந்து எடுத்துப்போய்ச் சுத்திகரிப்பார்கள். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: பெட்ரோல், தின்னர், கூலன்ட் எதையும் அதில் கலக்காதீர்கள். கலந்த ஆயிலை வாங்க மாட்டார்கள்.

சிமெண்ட் தரைக் கறைக்கு மரத்தூள். நன்றாகத் தூவி, காலால் மிதித்து, ஒரு ராத்திரி விட்டுக் கூட்டி அள்ளுங்கள். சோப்புப் போட்டுக் கழுவினால் அதுவும் அதே வாய்க்காலுக்குத்தான் போகும். மண் தரையில் கருத்த இடத்தை வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. டயரில் தண்ணீர் தங்கினால் பத்து நாளுக்குள் டெங்கு கொசு, அதை உடனே கூரைக்குள் ஏற்றுங்கள்.

தேவகோட்டை ஆச்சி எழுதியது:

தம்பி, தயவுசெய்து பிளாஸ்டிக் ரேக் வாங்காதீர்கள். கொட்டகைச் சூட்டில் நாலு வருஷத்தில் பொரிந்துபோகும். கதவுப் பலகை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது பர்மாத் தேக்காக இருந்தால் நூறு வருஷமானாலும் கெடாது. பெயிண்ட் படாத பலகையாகப் பார்த்து எடுங்கள். மண்ணில் நேராக ஊன்றாமல் உடைந்த கல்தூண், அம்மிக்கல் எதையாவது அடியில் கொடுத்துத் தூக்கி நிறுத்துங்கள், சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி. கரையான் ஏறினால் மண் கோடு கண்ணுக்குத் தெரியும், தட்டிவிடலாம். வருஷத்துக்கு ஒருமுறை வேப்பெண்ணெய் தடவினால் போதும்.

ஆணிக்கும் போல்ட்டுக்கும் ஆத்தாவிடம் விளிம்பு உடைந்த ஊறுகாய் ஜாடி இருக்குமா என்று கேளுங்கள். என் வீட்டில் சீர் வந்த எனாமல் பூசிய டப்பாக்களில் அளவு வாரியாகப் போட்டிருக்கிறேன். கயிறு, ஒயருக்குப் பனையோலைக் கொட்டான் (கூடை) நன்றாக இருக்கும், எலி வராத உயரத்தில் மாட்ட வேண்டும். கை துடைக்கப் பழைய கண்டாங்கிச் சேலையைக் கிழித்து வைத்திருக்கிறேன். அந்த முறுக்கு நூல் உறிஞ்சுவது போல் எந்தத் துணியும் உறிஞ்சாது.

அப்புறம், ஓடு மாற்றும்போது இரண்டு இடத்தில் கண்ணாடி ஓடு போட்டுவிடுங்கள். பகலில் விளக்கே வேண்டாம்.

பள்ளத்தூர் பின்கட்டு (கார்த்திகையில்):

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பேட்டரி மூன்றும் காரைக்குடிக் கடையில் கொடுத்தாயிற்று. ஆயில் சர்வீஸ் சென்டருக்குப் போயிற்று. பட்டறைத் தம்பி சொன்ன கலக்கும் விஷயம் சரியான நேரத்தில் வந்தது, ஏனென்றால் பிரஷ் கழுவிய தின்னரை அதே கேனில் ஊற்றிவிடலாம் என்றுதான் எடுத்து வைத்திருந்தேன்.

மண்ணை வெட்டினேன். ஒரு சாண் ஆழம் வரை கருப்பு, பிசுபிசுப்பு, கை வைத்தால் வாசம் போக இரண்டு நாள் ஆகிறது. அதற்குக் கீழேதான் செம்மண் தெரிந்தது. பதினான்கு சாக்கு வந்தது, தார்ப்பாய் போட்டுக் கூரைக்குள் சிமெண்ட் தரையில் வைத்திருக்கிறேன். இதை முறையாக யார் எடுத்துக்கொள்வார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜாடி கேட்டதும் ஆத்தா பரணிலிருந்து ஐந்து இறக்கிக் கொடுத்தார்கள். ஒன்றில் அப்பச்சி கையெழுத்தில் "2 அங்குல ஆணி" என்று சீட்டு ஒட்டியிருந்தது. அதில் இரண்டு அங்குல ஆணியையே போட்டிருக்கிறேன்.

முந்தாநாள் ராத்திரி நல்ல மழை. டார்ச்சோடு போய் வாய்க்காலில் குனிந்து பார்த்தேன். செம்மண் கலங்கலாகத்தான் ஓடியது, மினுமினுப்பு இல்லை. கார் இப்போது உள்ளே நிற்கிறது. அந்த மண் சாக்கு போக, ஒன்பது டயரில் நாலும் பெயிண்ட் டப்பாக்களும்தான் பாக்கி.