பழைய டெல் வாத்து காமிக்ஸ்: எந்த இதழ், பக்கம் முழுசா இருக்கா, எப்படி வைப்பது?

மழைக்குருவி:
1940, 50களில் டெல் என்ற அமெரிக்கப் பதிப்பகம் போட்ட காமிக்ஸ் 14 கைக்கு வந்திருக்கு. டொனால்ட் டக், அங்கிள் ஸ்க்ரூஜ், அப்புறம் ‘வால்ட் டிஸ்னிஸ் காமிக்ஸ் அண்ட் ஸ்டோரீஸ்’. மூணு புத்தகத்துக்கு அட்டையே இல்லை, அதெல்லாம் எந்த இதழ்னு எப்படிக் கண்டுபிடிப்பது? ‘ஸ்க்ரூஜ் முதல் இதழ்’னு சொல்லிக் கொடுத்த புத்தகத்தில் 386னு நம்பர் இருக்கு, ஏமாந்துட்டேனா? கிழிசலுக்கு செலோடேப் போடலாமா? இருப்பது சென்னையில், அதனால் ஈரம் பற்றியும் சொல்லுங்க.

தாள்வாசம்:
ஏமாறவில்லை, 386தான் முதல் இதழ். டெல்லின் ‘ஃபோர் கலர்’ ஒரு கதம்ப வரிசை. ஒரு நம்பரில் வாத்து வரும், அடுத்த நம்பரில் கௌபாய் வருவான். ஒரு பாத்திரத்துக்குத் தனி இதழ் தாங்குமா என்று இதில் விட்டுப் பார்ப்பார்கள். ஸ்க்ரூஜுக்கு அப்படி மூன்று முறை விட்டார்கள்: 386 (1952 மார்ச்), 456, 495 (இரண்டும் 1953). அந்த மூன்றையும் கணக்கில் வைத்துக்கொண்டு, தனி இதழை 4 என்ற நம்பரிலேயே தொடங்கினார்கள். அதனால் 1, 2, 3 என்று அச்சான டெல் ஸ்க்ரூஜைத் தேடி அலைய வேண்டாம். கிழவர் முதலில் தலைகாட்டியதும் 386-ல் இல்லை. ஃபோர் கலர் 178-ல் (1947 டிசம்பர்) வந்த டொனால்ட் கிறிஸ்துமஸ் கதையில்தான்.

அட்டை போனவற்றுக்கு முதல் பக்கத்தின் அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் பாருங்கள். பூதக்கண்ணாடி தேவைப்படலாம். ‘ஓ.எஸ். 386-523’ மாதிரி ஒரு குறி இருக்கும். முன்பாதி இதழ் எண். பின்பாதியில் முதல் இரண்டு இலக்கம் வருடம், மிச்சம் மாதம்: 52, 3, அதாவது 1952 மார்ச். சில இதழ்களில் இந்த விவரமெல்லாம் அட்டையின் உள்பக்கத்தில் இருக்கும். அட்டை போனால் அதுவும் போச்சு.

‘காமிக்ஸ் அண்ட் ஸ்டோரீஸ்’ பழைய இதழ்களில் தொகுதி, எண் என்று போட்டிருப்பார்கள். தொகுதியில் ஒன்றைக் கழித்து, 12-ஆல் பெருக்கி, எண்ணைக் கூட்டுங்கள். தொகுதி 3, எண் 7 என்றால் 2 × 12 + 7 = 31. முதல் இதழ் 1940 அக்டோபர், எனவே 31 என்பது 1943 ஏப்ரல். வாத்துக் கதைகளை எழுதி வரைந்த கார்ல் பார்க்ஸின் பத்துப் பக்க டொனால்ட் கதைகள் தொடங்கிய இதழ் அதுதான், கையில் இருந்தால் பத்திரம். அந்தக் காலத்தில் பார்க்ஸ் பெயரை எங்குமே போடவில்லை, கையெழுத்தைத் தேடாதீர்கள். இதுவும் உதவாவிட்டால், முதல் கதை எதைப் பற்றியது என்று குறித்துக்கொண்டு இண்டக்ஸ் (Inducks) என்ற இணையத் தரவுத்தளத்தில் தேடுங்கள். டிஸ்னி காமிக்ஸை அங்கே கதைவாரியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

கிச்சிலி:
எந்த இதழ் என்று பார்ப்பதற்கு முன்னால் தாளை எண்ணுங்க. குழந்தைகள் படித்த புத்தகம், கூப்பன் வெட்டியிருப்பாங்க, நடுத்தாள் பறந்திருக்கும். இவை நடுவில் பின் அடித்தவை, ஒரு தாளை மடித்தால் நாலு பக்கம். அட்டையைச் சேர்க்காமல் 32 பக்க இதழில் 16 இலை வரணும், 48 பக்கத்தில் 24, 64 பக்கத்தில் 32. நடுவில் விரித்து, பின்னுக்கு இடப்பக்கம் எத்தனை இலை, வலப்பக்கம் எத்தனை இலைன்னு தனித்தனியா எண்ணுங்க. இரண்டும் சமமா இல்லைன்னா ஓர் இலை கிழிஞ்சு போயிருக்கு. அதன் ஜோடி இலை எதிர்ப்பக்கம் பின்னைவிட்டு நழுவி ஆடிக்கிட்டிருக்கும், அதைக் குறிச்சு வைங்க. சமமா இருந்தும் எண்ணிக்கை குறைஞ்சா முழுத்தாளே போச்சு. பெரும்பாலும் நடுத்தாள்தான் போயிருக்கும்.

அட்டையில் மேலிருந்து கீழா ஒரே நேர் மடிப்பு இருந்தால் அது சந்தாப் பிரதி. தபாலில் நெடுக்குவாட்டில் மடிச்சு அனுப்புவாங்க. மதிப்பு குறையும், ஆனால் பொய்ப் பிரதி இல்லை. அட்டையில் பார்கோடு இருந்தால் அது டெல்லே இல்லை. 1962-லேயே வாத்து இதழ்கள் டெல்லை விட்டு ‘கோல்ட் கீ’ என்ற வேறு காமிக்ஸ் வெளியீட்டுக்குப் போயாச்சு, பார்கோடு அதுக்கும் அப்புறம்தான்.

பசைமாவு:
செலோடேப் வேண்டவே வேண்டாம். சில வருடத்தில் அதன் பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்புக் கறையாகும், அப்புறம் எதைக் கொண்டும் எடுக்க முடியாது. ஏற்கெனவே ஒட்டியிருந்தாலும் பிய்க்காதீர்கள், மையோடு உரிந்து வரும். படித்துப் பார்க்க மட்டும் என்றால் கோதுமை ஸ்டார்ச் பசையும் மெல்லிய ஜப்பானியத் தாளும் போதும். கிழிசலின் உள்பக்கத்தில் 5 மில்லிமீட்டர் அகலப் பட்டையாக ஒட்டி, காயும்வரை மேலே கனம் வையுங்கள். விற்கும் எண்ணம் இருந்தால் அதையும் செய்யாதீர்கள். துருப்பிடித்த பின்னை நெம்பினால் துளை பெரிதாகித் தாள் கழன்றுவிடும், அதையும் அப்படியே விடுங்கள்.

தாள் மரக்கூழ் நியூஸ்பிரின்ட். அமிலம் தாளுக்குள்ளேயே இருக்கிறது. வெளிச்சமும் சூடும் அதைத் தூண்டும், ஈரம் பூஞ்சையைக் கூட்டிவரும். பி.வி.சி. உறை கூடாது, மைலார் (பாலியெஸ்டர் படலம்) அல்லது பாலிப்ரொப்பிலீன் வாங்குங்கள். அளவுதான் பலரும் கோட்டை விடும் இடம். 1940களின் இதழ் இன்றைய இதழைவிட ஏறக்குறைய ஒரு அங்குலம் அகலம். 7¾ அங்குல ‘கோல்டன் ஏஜ்’ உறைதான் சரி, சின்ன உறையில் திணித்தால் மூலை மடியும். பின்னால் அமிலமில்லா அட்டை ஒன்று.

சென்னைக்குச் சில விஷயம். மழைக்காலத்தில் உறை போட்டு மூடினால் ஈரத்தையும் சேர்த்துத்தான் மூடுவீர்கள். ஏசி சில மணி நேரம் ஓடிய அறையில் வைத்துப் போடுங்கள். சிலிக்கா ஜெல் பெட்டிக்குள் இருக்கட்டும், தாளைத் தொட வேண்டாம். ஜெல்லின் நிறம் மாறினால் அதைக் காயவைத்துத் திரும்பப் போடலாம். 200 ரூபாய் ஈரமானி ஒன்று 40–50 சதவீதம் காட்டினால் நிம்மதி. வெளிச்சுவரை ஒட்டிய பீரோ வேண்டாம், பரணும் வேண்டாம், அங்கே சூடு அதிகம்.

ராமபாணம் இருக்கும் சந்தேகம் வந்தால் உறையோடு ஜிப் பையில் காற்றை வெளியேற்றி மூடி, ஒரு வாரம் ஃப்ரீசரில் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது, 24 மணி நேரம் பொறுங்கள். அவசரப்பட்டால் குளிர்ந்த தாளின் மேல் நீர் கோத்துக்கொள்ளும். அந்துருண்டை போட்டால் அந்த நாற்றம் தாளை விட்டுப் போகவே போகாது.

மழைக்குருவி:
எண்ணிட்டேன். அட்டை இல்லாத ஒன்றில் இடம் 8, வலம் 7, கிச்சிலி சொன்ன மாதிரியே ஓர் இலை ஆடுது. 456-ல் எட்டும் எட்டும் சரியா இருக்கு. ஆனா ஸ்க்ரூஜுக்குத் தான் தங்கம் தேடிய க்ளோண்டைக் பற்றிப் பழைய நினைவு வரும் இடத்தில் கதை திடீர்னு தாவுது. ஏதாவது தாள் போயிருக்குமோ?

தாள்வாசம்:
உங்கள் பிரதியில் குறை இல்லை. மதுக்கூடத்துச் சண்டைப் பக்கங்களைக் குழந்தைகளுக்கு ஆகாது என்று ஆசிரியர்களே அச்சுக்கு முன் வெட்டிவிட்டார்கள், 1953-ல் வெளிவந்ததே அப்படித்தான். 1952 நவம்பரில் வந்த டொனால்ட் டக் 26-க்கும் அதே கதி. 456-ன் அந்தப் பக்கங்கள் 1981-ல் வந்த தொகுப்பில் மீண்டும் சேர்ந்தன. கதையை முழுசாகப் படிக்க பின்னால் வந்த மறுபதிப்பை வாங்குங்கள், பழையது உறைக்குள்ளேயே இருக்கட்டும்.