பழைய சீன அரக்குத் தட்டில் தேநீர்: உங்கள் அனுபவம்

வடகரை:
சீனாவின் ஃபூசோ நகரத்தில் வேலை பார்த்தபோது, உடன் பணிபுரிந்தவர் வீட்டில் நடந்தது. எட்டு ஆண்டுகளாகியும் உறுத்துகிறது. கறுப்பு அரக்குத் தட்டில் நான்கு சிறு கிண்ணங்களில் மல்லிகைத் தேநீர். வயதான அவருடைய அம்மா தூக்கி வருகிறாரே என்று எழுந்துபோய் வாங்கினேன். மரத்தட்டு, கனக்கும் என்று அழுத்தித் தூக்கினேன். கனமே இல்லை! கை மேலே எகிறியது, கிண்ணங்கள் சரிந்தன. அந்த ஊர் வேலைப்பாட்டில் உள்ளே மரம் கிடையாது, துணியும் அரக்கும்தான் என்று பிறகுதான் தெரிந்தது. அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் சட்டைக் கையாலேயே தட்டைத் துடைத்தார். விளிம்பில் நகக்கண் அளவு தெறித்து, துணி இழை தெரிந்தது. அவருடைய பாட்டி கொண்டுவந்த சீராம்.

பனிக்கூடல்:
அரக்கு என்று எழுதாதீர்கள். நம் அரக்கு பூச்சி தருவது. சீனத் தட்டில் இருப்பது மரத்தைக் கீறி வடிக்கும் பால். சேராங்கொட்டைக்கு உறவு, பச்சையாகத் தோலில் பட்டால் அதைப்போலவே கொப்புளிக்கும். காற்றில் ஈரம் இருந்தால்தான் இறுகும். ஹாங்காங் கடையொன்றில், இந்தப் பால் பூசிய பழைய கிண்ணத் தாங்கியில் தேநீர் கொடுத்தார்கள். சீனாவின் சோங் அரசமரபுக் காலத்து (960–1279) வழக்கம் அது. கிண்ணத்தில் ஆவி பறக்கிறது, தாங்கியைப் பிடித்த விரலுக்குச் சூடே எட்டவில்லை.

நெல்லிமரம்:
பெயரை விடுங்கள், வாங்குகிறவர்கள் எல்லோரும் அரக்கு என்றுதான் கேட்கிறார்கள். என்னிடம் 19ஆம் நூற்றாண்டுக் கேன்டன் (இன்றைய குவாங்சோ) தேயிலைப் பெட்டி இருந்தது; கறுப்பில் பொன் சித்திரம். ஏசி அறையில் வைத்தேன், ஒரே கோடையில் மூடி பிளந்துவிட்டது. வைத்திருப்பவர்கள் கேளுங்கள். வெயில் படவே கூடாது. பட்டால் மினுமினுப்புப் போய், பிறகு தண்ணீர் பட்டாலே வெளுக்கும். எண்ணெய், பாலிஷ் எதுவும் தடவாதீர்கள். கொதிக்கும் கெண்டியை நேராக வைக்காதீர்கள். மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள், அதுவும் பூச்சு பெயராத இடத்தில் மட்டும். சில்லு தெறித்தால் கடைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். உறையிலிட்டுப் பத்திரப்படுத்துங்கள், பழுது பார்ப்பவருக்கு அதுதான் முதலில் வேண்டும். வடகரை, அந்தச் சில்லை எடுத்து வைத்தார்களா?

வடகரை:
அம்மா டார்ச் அடித்தார், நான் மண்டியிட்டுத் தேடினேன். கிடைக்கவில்லை. அன்றிரவு என் கால்சட்டை மடிப்பிலிருந்து விழுந்தது. ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் துணியின் தடம். கொண்டுபோய்க் கொடுக்க வெட்கமாக இருந்தது. போகவில்லை. இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது.