ஒதுக்குப்புற அமெரிக்கக் கல்லூரியில் முழு உதவித்தொகை: பிறகும் காசு எங்கே இடிக்கிறது?

தாமரைக்குளம்: வில்லியம்ஸ், மிடில்பெரி, டார்ட்மத் மாதிரி ஊர் ஓரத்துக் கல்லூரிகளில் படிப்பு, அறை, சாப்பாடு எல்லாமே உதவித்தொகையில் கழிந்துவிடலாம். ஆனாலும் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் அங்கே ஒட்ட முடியாமல் நிற்பதாகச் சொல்கிறார்களே, ஏன்? இந்தியாவிலிருந்து எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகிறவர் எதற்கெல்லாம் காசு எடுத்துவைக்க வேண்டும்?

பனிமேடு: பொருளாதார ஆய்வாளர் ராஜ் செட்டியின் குழு 2017இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். உச்சியிலுள்ள 1 சதவீத வருமானக் குடும்பத்துப் பிள்ளைகள், கீழே உள்ள 60 சதவீதத்தினரின் பிள்ளைகளைவிட அதிகமாக இருந்த கல்லூரிகள் 38. மிடில்பெரியில் 22.8 சதவீதத்துக்கு 14.2.

வகுப்பு நடக்கும் நாளில் பேதம் அவ்வளவாகத் தெரியாது. ஒரே மெஸ், ஒரே விடுதி. தேங்க்ஸ்கிவிங் (நவம்பர் கடைசிப் பண்டிகை), டிசம்பர் கடைசி, மார்ச் விடுமுறை வந்தால் அது வெளிப்பட்டுவிடும். பாதிப்பேர் பனிச்சறுக்குக்கோ கடற்கரைக்கோ கிளம்புவார்கள், மெஸ் மூடும், விடுதியும் மூடலாம். நகரமாக இருந்தால் மலிவாகச் சாப்பிட ஒரு கடை கிடைக்கும். இங்கே இருப்பது ஒரே கடைத்தெரு. அதனால் சேரும் முன்பே உதவித்தொகை அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்: எந்தெந்த நாள் மெஸ் கிடையாது, அன்று உணவுப்படி உண்டா, குளிர்கோட்டுக்கும் காப்பீட்டுக்கும் யார் தருவது? வில்லியம்ஸில் 2022 முதல் உதவித்தொகையில் கடனும் கட்டாய வேலையும் கிடையாது. எல்லா இடத்திலும் அப்படியில்லை.

இன்னொன்று. வில்லியம்ஸ்டவுனுக்குப் பக்கத்து விமான நிலையமான ஆல்பனியே ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். கல்லூரி வண்டி விடும் நாளைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். இல்லாவிட்டால் டாக்சிக்கே கை காலி.

வரிக்கணக்கு: எல்லோரும் மறப்பது வரி. படிப்புக் கட்டணத்துக்கான உதவிக்கு வரியில்லை. அறைக்கும் சாப்பாட்டுக்கும் தருவதற்கு உண்டு. எஃப்-1 மாணவரிடம் 14 சதவீதம் பிடிப்பார்கள். அந்தப் பகுதி ஆண்டுக்கு 18,000 டாலர் என்றால் 2,520 டாலர். ரொக்கமாகக் கையில் எதுவும் வராததால், அது பருவக் கட்டண பில்லில் பாக்கியாக ஏறும். பாக்கி நின்றால் அடுத்த பருவப் பதிவு தடைபடலாம்.

இந்திய மாணவருக்கு ஒரு சலுகை: இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவுப்படி நிலைக்கழிவு (வரி போடும் முன் வருமானத்தில் கழிக்கும் நிலையான தொகை) கோரலாம். ஏப்ரலில் 1040-என்ஆர் என்ற வருமான வரிப் படிவம் போட்டால் பிடித்ததில் நல்ல பங்கு திரும்பலாம். ஆனால் வரும்வரை தாங்க வேண்டுமே!

மேப்பிள்: பணம் ஒரு பாதிதான். வில்லியம்ஸ் 1960களில் ஃப்ரட்டர்னிட்டிகளை (மாணவர்களின் தனி உறுப்பினர் சங்கங்கள்) ஒழித்துக்கட்டியது. டார்ட்மத்தில் இன்றும் உண்டு, சந்தாவோடு. எங்கே ஆனாலும் விளையாட்டு அணிகள் தனிக்கூட்டம். லக்ராஸ், ஸ்குவாஷ், படகோட்டம் எல்லாம் பள்ளியிலேயே செலவழித்துக் கற்றவை. புதிதாக வருபவருக்கு வாசல் திறந்திருப்பது வானொலி, மலையேற்றக் குழு மாதிரி இடங்களில்தான்; கூடாரம், பூட்ஸ் இரவல் கிடைக்குமா என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

'ஆஃபீஸ் ஹவர்ஸ்' என்று பாடத்திட்டத்தில் போட்டிருந்தால், பேராசிரியரைத் தொந்தரவு செய்யக்கூடாத நேரம் என்று நம் பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். அது மாணவர் போய்ப் பேசுவதற்கென்றே ஒதுக்கிய நேரம். பரிந்துரைக் கடிதத்துக்கு வழி அங்கேதான்.

தாமரைக்குளம்: நன்றி. சமூகப் பாதுகாப்பு எண் இல்லாமல் அந்தப் படிவம் போட முடியுமா?

வரிக்கணக்கு: ஏதாவது ஓர் எண் வேண்டும். வளாகத்தில் வேலை கிடைத்தால் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு விண்ணப்பிக்கலாம் (பருவம் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம்தான் வேலை). வேலை இல்லையென்றால் டபிள்யூ-7 படிவத்தோடு ஐடின் (ITIN, வரிக்கான தனி அடையாள எண்) கேளுங்கள். நூலக மேசையில் வாரம் 5 மணி நேரம் கிடைத்தாலும் முதல் பருவத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள்.